மீதிச் சில்லறை கேட்கக் கூசியவன் எழுதும் வழிகாட்டி: கூச்சத்தையும் மனிதப் பயத்தையும் படிப்படியாகக் கடப்பது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருடங்களில், கண்டக்டர்களிடம் நான் விட்டுவிட்டு வந்த மீதிச் சில்லறையைச் சேர்த்திருந்தால் ஒரு பழைய சைக்கிளாவது வாங்கியிருக்கலாம். 50 ரூபாயை நீட்டினால், மீதித் தொகையை டிக்கெட்டின் முதுகில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போய்விடுவார். இறங்கும்போது “அண்ணா, மீதி” என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு நெருங்க நெருங்க நெஞ்சு அடிக்கும், காது சூடாகும், வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும். பேசாமல் இறங்கிவிடுவேன். இறங்கிய நொடியில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது என்று புரிய ஏழெட்டு வருடம் ஆயிற்று.

இத்தனைக்கும் எங்கள் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவன் ஆயுதக் கிடங்கிலேயே நின்றுகொண்டு, ‘உன் வேல்களெல்லாம் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்களுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்று புகழ்வதுபோல் குத்திக்காட்டிய ஔவை நடமாடிய மண். அந்த மண்ணில் பிறந்து சில்லறை கேட்க வாய் வரவில்லை.

நான் மருத்துவன் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். இங்கே சொல்லும் முறையும் நான் கண்டுபிடித்தது இல்லை. உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாள்வது. அதை நம் பக்கத்து பஸ்ஸிலும் சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் எப்படிச் செய்வது என்பது மட்டும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில், உங்களுக்கு இருப்பது எது?

நாலு பேர் கூடினால் சிலருக்குக் களைப்பு வரும், தனியாக இருந்தால் தெம்பு வரும். அது சுபாவம். அதை மாற்ற ஒன்றும் இல்லை, மாற்றச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்கவும் வேண்டாம். இன்னும் சிலர் புதிய இடத்தில் முதல் அரை மணி நேரம் ஒதுங்கி நிற்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். அது சாதாரணக் கூச்சம்.

மூன்றாவது வேறு வகை. அடுத்தவர் நம்மை எடை போடுவார், கேவலமாக நினைப்பார் என்ற பயம். அந்தப் பயத்தால் இடங்களையே தவிர்ப்பது. அதனால் படிப்போ வேலையோ உறவோ கெடுவது. இது ஆறு மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்தால் மருத்துவர்கள் சமூகப் பதற்றக் கோளாறு என்பார்கள், ஆங்கிலத்தில் சோஷியல் ஆங்சைட்டி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றதே 1980-இல்தான். பெரும்பாலும் பதின்பருவத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். குரல் உடைந்து, பரு வந்து, வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லும் வயது. அதனால்தான் நிறையப் பேர் இதைப் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும். அந்தக் கல்யாணத்துக்குப் போக உங்களுக்கு விருப்பமே இல்லையா, போக ஆசை இருந்தும் போக முடியவில்லையா? இரண்டாவது என்றால் மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதி பார்த்து உண்மையிலேயே அவமதிக்கிற இடத்தில் ஒருவருக்குப் பேச்சு வராமல் போனால் அதற்குப் பெயர் கூச்சம் இல்லை. சீண்டுகிற ஆள் உட்கார்ந்திருக்கும் கடைக்குப் போக ஒரு பெண் தயங்கினால் அது பதற்றக் கோளாறும் இல்லை. அங்கெல்லாம் மாற வேண்டியது எதிரே இருப்பவர். அந்த மாதிரி இடங்களைப் பயிற்சிக் களமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது யாரோ என் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது.

போவதற்கு முன்பே மனம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது: ‘குரல் நடுங்கும், சிரிப்பார்கள்.’ அங்கே போனதும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நமக்குள் திரும்புகிறது. கை நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று நம்மையே வேவு பார்க்கிறோம். உள்ளே தெரிகிற படபடப்பு அப்படியே வெளியிலும் தெரிகிறது என்று நம்பிவிடுகிறோம். அதை மறைக்கச் சில தந்திரங்கள் செய்கிறோம். வீட்டுக்கு வந்தபின் நடந்ததையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்து, நமக்கு எதிரான சாட்சிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். அடுத்த முறைக்கான தீர்ப்பு அதிலிருந்து தயாராகிறது.

தந்திரங்கள் என்றேனே, அங்கேதான் சூட்சுமம். உளவியலில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். என்னுடையவற்றைச் சொல்கிறேன், உங்களுடையதும் இதில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் தூண் மறைவில் நிற்பது. அழைப்பே வராத செல்போனைக் காதில் வைத்து ‘ஹலோ, சொல்லுங்க’ என்று நடிப்பது. வியர்வை தெரியாமலிருக்க வெயில் காலத்திலும் கறுப்புச் சட்டை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது. அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். எங்கே போனாலும் வாய்ச்சாலகமான ஒரு நண்பனைக் கூட்டிப்போவது. யாரும் கவனிக்காதபடி மெல்லிய குரலில் வேகமாகப் பேசி முடிப்பது, அதனால் எதிராளி “என்னது?” என்று சத்தமாகக் கேட்பார், எது வேண்டாம் என்று பயந்தோமோ அதுவே நடக்கும்.

இவை அந்த நேரத்துக்கு உதவும். ஆனால் ‘தூணுக்குப் பின்னால் நின்றதால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். தூண் இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அதற்குத் தெரியாமலேயே போகும். வருடக்கணக்கில் கூட்டங்களுக்குப் போயும் கூச்சம் குறையாதவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போகிறார்கள்தான், ஒவ்வொரு தடவையும் தூணைக் கையோடு எடுத்துப்போகிறார்கள்.

‘யாரும் உங்களைப் பார்ப்பதில்லை’ என்பது நம் ஊரில் பாதிதான் உண்மை

2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரபலமான ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஒரு பாடகரின் படம் போட்ட, வெட்கப்படும்படியான டி-சர்ட்டை மாட்டி, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் போல என்றார்கள் போட்டுக்கொண்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் நாலில் ஒருவர்.

இதை வைத்து ‘உலகம் உங்களைக் கவனிப்பதே இல்லை, தைரியமாக இருங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெருநகரத்தில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் எழுதத் தோன்றும். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் புதிதாக ஒருவர் பஸ்ஸைவிட்டு இறங்கினால் டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். “யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்று விசாரணையும் நடக்கும். பார்ப்பதில்லை என்று சொன்னால் நம் ஆட்களே நம்ப மாட்டார்கள்.

பார்க்கிறார்கள், சரி. ஆனால் மார்க் போடுகிறார்களா? “நீ யார் பையன்?” என்கிற பெரியவர் உங்களை எடை போடவில்லை, எந்தக் குடும்பம், எந்த உறவு, எந்த ஊர்ப் பக்கம் என்று தன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கப் பார்க்கிறார். புள்ளி வைத்ததும் தக்காளி விலைக்குத் திரும்பிவிடுவார். உங்கள் குரல் நடுங்கியது அவர் நினைவில் இருக்காது. ‘இன்னாருடைய மகன்’ என்பது பத்து வருடம் இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்ட அன்று எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

முதல் படி: ஒரு வாரம் நோட்டு

ஒன்றையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். 20 ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று. தவிர்த்த இடம், அங்கே என்ன நடக்கும் என்று பயந்தேன், என்ன தந்திரம் செய்தேன், உண்மையில் என்ன நடந்தது. என் நோட்டில் இருந்த ஒரு பதிவு:

‘செவ்வாய். மண்டியில் அப்பாவுக்குப் பதிலாக ரசீது வாங்கப் போனேன். பயம்: கணக்கில் சந்தேகம் கேட்டால் எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள். தந்திரம்: கேட்கவே இல்லை, வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நடந்தது: ஒரு பெட்டி (கிரேட்) குறைவாக எழுதியிருந்தது. அப்பா வீட்டில் திட்டினார்.’

எழுதும்போது பயத்தைத் துல்லியமாக எழுதுங்கள். ‘ஏதோ மாதிரி ஆகும்’ என்று எழுதினால் பயனில்லை. யார், என்ன செய்வார், எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று எழுதினால்தான் பிற்பாடு அது நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க முடியும்.

இரண்டாவது படி: ஏணி கட்டுவது

இப்போது அந்த இடங்களுக்கெல்லாம் 0 முதல் 100 வரை ஒரு எண் கொடுங்கள். 0 என்றால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல, 100 என்றால் ஓடிவிடத் தோன்றுவது. ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு இது. என் ஏணி இப்படி இருந்தது:

10 – டீக்கடையில் “சர்க்கரை கம்மியா” என்று சொல்வது
20 – தருமபுரி பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஒருவரிடம் அரூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது
30 – கண்டக்டரிடம் மீதி கேட்பது
40 – போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விலை கேட்டு, பேரம் பேசி, வாங்காமல் நகர்வது
50 – நாலு பேர் இருக்கிற அறையில் போன் பேசுவது
60 – கல்யாணத்துக்குத் தனியாகப் போய்த் தெரியாதவர்கள் நடுவில் பந்தியில் உட்கார்வது
75 – வேலையிடத்து மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்பது
90 – கிராம சபையில் எழுந்து தெருவிளக்கைப் பற்றிக் கேட்பது

உங்கள் ஏணி இப்படி இருக்கத் தேவையில்லை. என் தங்கை சந்தையில் யாரிடமும் வாயாடுவாள். பேங்கில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செலான் நிரப்பச் சொன்னால் கை ஓடாது. அடுத்தவர் முன்னால் எழுதுவதும் சாப்பிடுவதும்கூட இந்தப் பயத்தில் அடக்கம். அவளுடைய ஏணியில் 80-இல் இருந்தது ஒரு கையெழுத்து.

படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விடாதீர்கள். 30-இலிருந்து 75-க்குத் தாவி விழுந்துவிட்டு, ‘இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். கிராம சபைக்கு முன் ஒரு படி வேண்டுமா? முதல் முறை சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவ்வளவு மலிவான மேடைப் பயிற்சி வேறு எங்கே கிடைக்கும்!

மூன்றாவது படி: ஏறுவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு படியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். சந்தையில் வாங்காமல் நகரும் படி.

போவதற்கு முன் நோட்டில் கணிப்பை எழுதினேன்: ‘ஐந்து கடையில் கேட்பேன். குறைந்தது மூன்று பேர் திட்டுவார்கள்.’ அப்புறம், எந்தத் தந்திரத்தை இன்று விடப்போகிறேன் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்: நண்பனைக் கூட்டிப்போவதில்லை. ஒரே ஒரு தந்திரம் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முயன்றால் சந்தைக்கே போக மாட்டோம்.

முதல் கடையில் வாய் உலர்ந்துவிட்டது. அங்கேதான் முக்கிய வேலை: கவனத்தை வெளியே தள்ளுவது. என் கை என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்த அக்கா கூறு கட்டியிருக்கும் வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா, அவர் தராசில் எந்தக் கல்லை எடுக்கிறார் என்று பார்த்தேன். இது மனத்தைத் திசை திருப்பும் வித்தை இல்லை. எதிரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் நம் கணிப்பு சரியா தப்பா என்று தெரியும். தலையைக் குனிந்துகொண்டால் எல்லோரும் முறைப்பது போலவே இருக்கும்.

“எவ்ளோக்கா?” “கூறு இருபது.” “பதினஞ்சுக்கு வருமா?” “கட்டாது தம்பி.” “சரிக்கா, வரேன்.” அவ்வளவுதான். ஐந்து கடையில் ஒருவர் மட்டும் “வாங்கறதுன்னா கேளு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியவர் எண்ணிக்கை: தாராளமாகக் கணக்கிட்டால் ஒன்று. அதற்கும் நான் செத்துப்போகவில்லை, அடுத்த கடைக்குத்தான் நடந்தேன்.

படபடப்பு அடங்கும்வரை காத்திருந்து பிறகு பேசலாம் என்று நினைக்காதீர்கள். நெஞ்சு அடிக்கட்டும். அது அடித்துக்கொண்டே இருக்கும்போது பேசுவதுதான் பயிற்சி. பாதியில் ஓடி வராதீர்கள். ஓடினால் அந்தப் பழைய நிம்மதி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் உடம்பு கொஞ்சம் தணியும், கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூச்சை எண்ணினால்தான் பேச முடியும் என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு தூண்தான்.

ஒரு படியை ஒரு தடவை தொட்டுவிட்டுத் தாண்ட வேண்டாம். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே கண்டக்டரிடம் பத்துத் தடவை கேட்டால் அந்தக் கண்டக்டர் பயம்தான் போகும். எண் பாதியாக இறங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

சில சமயம் வேண்டுமென்றே சின்னத் தவறு செய்து பார்ப்பதும் உண்டு. கடையில் காசை எண்ணும்போது கீழே சிந்துவது, “மறந்துட்டேன், என்ன சொன்னீங்க?” என்று மறுபடி கேட்பது. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 19 வயதில் நியூயார்க்கில் ஒரு தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் வலியப் போய்ப் பேசிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். 30 பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டாள், அவளும் வரவில்லை. கணக்குப்படி படுதோல்வி, ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, பயம் போய்விட்டது என்றார். நம் ஊர்ப் பூங்காவில் இதை அப்படியே செய்தால் தர்ம அடிதான், அதோடு அந்தப் பெண்களுக்கும் தொந்தரவு. சந்தையே போதும்.

பேச்சை எப்படி வளர்ப்பது?

“எந்த ஊருங்க?” என்று கேட்டால் “காரிமங்கலம்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டால் பேச்சு செத்துவிடும். “காரிமங்கலம் பக்கம், இப்போ ஓசூர்ல வேலை, வாரா வாரம் வந்துடுவேன்” என்றால் எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள மூன்று நுனி கிடைக்கிறது. அதேபோல அவர் சொல்வதில் ஒரு நுனியைப் பிடித்துத் திருப்பிக் கேளுங்கள். புத்திசாலித்தனமாகப் பேச வேண்டியதே இல்லை. தக்காளி என்ன விலைக்குப் போகிறது, இந்த வருடம் மாங்காய் எப்படி, ஒகேனக்கல்லுக்கு எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது: இந்த மூன்றைப் பற்றியும் கருத்து இல்லாத ஆள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இல்லை.

உறவினர் கேள்விகளுக்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்திருங்கள். “இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்றால் “நீங்களே ஒரு நல்ல இடமாப் பாருங்க அத்தை. ஆமா, முட்டி வலி இப்போ எப்படி இருக்கு?” முட்டி வலி பற்றிக் கேட்டுவிட்டால் அடுத்த இருபது நிமிடம் நீங்கள் தலையாட்டினால் போதும்.

இண்டர்வியூவும் இங்கிலீஷும்

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ இண்டர்வியூ போய் ஊமையாகித் திரும்புவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் முதலில் கேட்பது: இதே கேள்வியைத் தமிழில் கேட்டால் பதில் வருமா? வரும் என்றால் பிரச்சினை கூச்சம் இல்லை, உங்களுக்கு வேண்டியது இங்கிலீஷ் பயிற்சி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டும் தீராது.

தமிழிலும் வராது என்றால் ஏணிதான். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்பதற்கு நாலு வாக்கியம் எழுதி, மனப்பாடம் செய்யாமல், செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பார்க்கும் முன் எவ்வளவு மோசமாக இருக்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே பூகம்பமாக இருந்தது வெளியே லேசான தடுமாற்றமாகத்தான் தெரியும். எனக்கு எல்லாப் பயிற்சியிலும் அதிகம் உதவியது இந்த வீடியோதான். தெலுங்கும் கன்னடமும் கலந்த நம் பேச்சு வாடையை மறைக்கப் போராட வேண்டாம். மறைக்கிற வேலையிலேயே பதில் மறந்துபோகும்.

மேடை

1891-இல் லண்டனில் பாரிஸ்டர் முடித்துத் திரும்பிய காந்தி, பம்பாய் சிறு வழக்கு மன்றத்தில் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து வழக்கை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். அதே மனிதர் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். இரண்டு வருடத்தில் கூச்சம் ஆவியாகிவிடவில்லை. அங்கே தன் ஜனங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, கவனம் அதன்மேல் போய்விட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊர்த் தெருக்கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார், அப்புறம்தான் திரை விலகும். ஆள் தெரிவதற்கு முன்னால் குரல் சபைக்கு வந்துவிடும். மேடையேறும் நாளில் நானும் இதைத்தான் செய்கிறேன்: கூட்டம் ஆரம்பிக்கும் முன் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன், அல்லது முன்வரிசைக்காரரிடம் சத்தமாக “சத்தம் கேக்குதுங்களா?” என்பேன். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் தூக்கத்திலும் சொல்லும்படி வைத்துக்கொள்வேன், மற்றதற்குக் குறிப்பு.

ராத்திரி நீதிமன்றம்

எல்லாம் முடிந்து படுத்தபின் ‘அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ’ என்று விசாரணை ஆரம்பிக்கும். அதோடு வாதாட வேண்டாம். நோட்டை எடுத்து, கணிப்புக்கு நேராக நடந்ததை மூன்று வரியில் எழுதி மூடிவிடுங்கள். நீதிபதி மறுபடி கூப்பிட்டால், ‘எழுதியாச்சு’.

தனியாக முடியவில்லை என்றால்

மூன்று மாதம் முயன்றும் முதல் இரண்டு படியிலேயே நின்றால், வேலைக்கோ கல்லூரிக்கோ போவதே நின்றுபோனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், உதவி தேடுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பேசவே கூசுகிறவர்களுக்குப் போன் நல்ல முதல் படி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு எந்த அறை என்று கேட்டுப் போய்விடலாம். ‘அந்த வார்டுக்குப் போவதை யாராவது பார்த்துவிட்டால்?’ என்று தோன்றினால், அதையும் ஏணியில் ஒரு படியாக எழுதிக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை அதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது.

அங்கே கொடுக்கக்கூடிய முக்கியமான பேச்சுச் சிகிச்சை சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இங்கே சொன்ன ஏணி அதன் ஒரு பகுதி. பொதுவாகச் சுமார் நான்கு மாதம் பிடிக்கும். தேவைப்பட்டால் செர்ட்ராலின், எஸ்கிடலோபிராம் போன்ற மாத்திரைகள் எழுதுவார்கள். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இஷ்டத்துக்குத் திடீரென நிறுத்தக் கூடாது. மேடைப் படபடப்புக்கு புரோப்ரனலால் என்ற மாத்திரையை நண்பர்கள் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ‘ஒரு குவார்ட்டர் போட்டால் பேச்சு தானா வரும்’ என்கிற வைத்தியமும் நம் கல்யாண வீடுகளில் உண்டு. பேச்சு வரும். அப்புறம் அது இல்லாமல் வராது.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால்

விருந்தாளி முன்னால் “மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு” என்று தள்ளாதீர்கள். அதேபோல, யாராவது பெயர் கேட்டால் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் சொல்லாதீர்கள். பத்து நொடி சும்மா இருங்கள், பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். ‘இவ ரொம்பக் கூச்ச சுபாவம்’ என்று அவள் காதுபட அறிமுகம் செய்வதை நிறுத்துங்கள். கடைக்கு அனுப்பி ஒரு பால் பாக்கெட் வாங்கிவரச் சொல்லுங்கள், ஆனால் மீதியை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள்.

மறுபடி வந்தால்

வரும். பழக்கம் விட்டுப்போனால் பயம் திரும்பும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு 30 மறுபடி 60 ஆகியிருந்தது. எல்லாம் வீணாகிவிட்டது என்று உட்காராமல் இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடங்கினால் போதும், இரண்டாம் முறை ஏறுவது சீக்கிரம் நடக்கும். நான் டீக்கடை சர்க்கரையிலிருந்து தொடங்கினேன். பத்து நாள் கழித்து தருமபுரி பஸ்ஸில் ஏறி, வேண்டுமென்றே 100 ரூபாயை நீட்டினேன். டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் நெஞ்சு அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே எழுந்து நின்று வாயைத் திறந்தேன். “இந்தாங்க தம்பி, உங்க மீதி” என்று அதற்குள் அவரே நீட்டிவிட்டார். அன்றைய நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று.